கண்ணாடி போட்ட ஆச்சியும் சிரித்த நீங்களும்

அந்த வீடியோவை இதுவரை ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள், இனி யாரும் அனுப்ப வேண்டாம். கண்ணை முழுக்க மூடி வேறோர் உலகத்தைக் காட்டுகிற விஆர் கண்ணாடியை மாட்டியதும் ஆச்சி காற்றைத் துழாவுகிறார், சுற்றி நிற்கிற படித்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், மேலே 'தொலைமருத்துவம் நம் ஊரில்' என்று தலைப்பு. சரி, எந்த மருத்துவம், யாருக்கு?

உடனே 'நீ தொழில்நுட்பத்துக்கு எதிரி' என்று வராதீர்கள். இதை உங்களைவிட நான்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்தபோது மண்டூரில் வாவியைக் கடக்கிற பாதைக்கு, அதாவது மிதவைப் படகுக்குக் காத்திருந்து, வெயிலில் குடை பிடித்து அவரைச் சாய்த்து வைத்தபடி குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து ஓட்டோ பிடித்துப் போனால் பிசியோ மிஸ் 15 நிமிடம் பார்ப்பார். அவரில் பிழை இல்லை, வெளியே வரிசை அப்படி. தாளில் படம் கீறித் தந்தார். அதைப் பார்த்து ஒரு மாதம் நான் கையை மடக்கி நீட்டினேன். அடுத்த கிளினிக்கில்தான் தெரிந்தது, தோளைத் தாங்காமல் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அம்மா நோகுது என்று சொன்னவர்தான். 'ஒல்லுப்போல பொறுங்கம்மா' என்றது நான்.

அந்த மாதம் ஒருவர் தூரத்தில் இருந்துகொண்டே, என் கண்ணுக்கு முன்னால் அம்மாவின் கைமேல் ஒரு கோடு போட்டு 'இதில பிடி' என்று காட்டியிருந்தால்! கண்முன் இருப்பதன் மேலேயே கோடும் படமும் காட்டுகிற ஆக்மென்டட் ரியாலிட்டி அதற்குத்தானே. அமெரிக்காவில் 2021 இல் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு எட்டு வாரம் பாவிக்கிற விஆர் கண்ணாடிக்கு அனுமதி கிடைத்தது. நோயாளியின் வீட்டில் பாவிக்க, கவனியுங்கள். மேடையில் இல்லை.

'அறிமுகம் செய்தால்தானே சனத்துக்குத் தெரியும்' என்பீர்கள். சனத்துக்கா, முகநூலுக்கா? 'வாவிக்கு மேற்கே உங்கள் படுவான்கரையில் கவரேஜ் எங்கே' என்பீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, மழை பெய்தால் எங்களுக்கு வட்ஸ்அப் கோலே அறுந்துபோகும். ஆனால் ஆச்சியை இருத்த ஒரு கதிரை போடக் கவரேஜ் வேண்டுமா? அந்தக் கண்ணாடியை மாட்டினால் கண் 'ஓடுகிறாய்' என்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு 'நிற்கிறாய்' என்கிறது, இளசுகளுக்கே தலைசுற்றிச் சத்தி வரும். அந்த வயதில் நிற்கவைத்து மாட்டிவிட்டு ஒருவர்கூடத் தோளைப் பிடிக்கவில்லை. எல்லார் கையிலும் போன்.

அம்மாவும் பார்த்தார். சிரிக்கவில்லை. 'அந்த மனிசிக்கு என்ன வருத்தமாம் மனே?' என்று கேட்டார். திரும்பப் போட்டுப் பார்த்தேன், அந்தக் கூட்டத்தில் அதை ஒருவரும் கேட்கவே இல்லை.