மண் சுவருக்கு சிமெண்ட் பூசாதீர்கள்

மண் வீடு என்றாலே பூஞ்சைதான், சிமெண்ட் பூசினால் சரியாகிவிடும், ஜன்னலை எந்நேரமும் திறந்துவையுங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு நேர்ந்தது தலைகீழ். திருநெல்வேலி மாவட்டம் வி.கே.புரம் (விக்கிரமசிங்கபுரம்) பக்கம் எங்கள் வீடு. ஆனி, ஆடியில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தாத்தா கட்டிய மண் சுவரில் சுண்ணாம்பு அடித்தவரை தொந்தரவே இல்லை. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. சுவரும் ஈரத்தை வாங்கி, வெயில் வந்ததும் விட்டுவிடும்.

நீட்டாக இருக்குமே என்று நான்தான் சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தேன். இரண்டாவது அடைமழைக்கே பெயிண்ட் அப்பளமாக உப்பியது. சாவியால் குத்திப் பார்த்தால் உள்ளே மண் களியாகக் கிடக்கிறது. பீரோவை நகர்த்தினால் சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி. அம்மாவின் பட்டுச்சேலை வரை அந்த வாடை.

அப்புறம் எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு, பழையபடி மண் பூச்சும் சுண்ணாம்பும். பீரோ சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. ஈரத்துணி இப்போது தார்சாவில், அதாவது தாழ்வாரத்தில்தான் காய்கிறது (இதற்குத்தான் வீட்டில் தினம் சண்டை). ஜன்னலை எந்நேரமும் திறந்துவைக்க அந்தக் கட்டுரை சொல்வதும் சரியில்லை. சாரல் அடிக்கும்போது திறந்தால் வெளி ஈரம்தான் உள்ளே வரும். மழை வெறித்த பிறகு திறங்கள்.