பி.எச். அளவி படுத்தும் பாடு

வீட்டில் பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளங்கள் வளரும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர்களை, நீரின் அமில-கார நிலையை எண்ணாகக் காட்டும் பி.எச். அளவி படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. 7.8 முதல் 8.4 வரை இருந்தால் போதும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அந்த எண்ணைச் சொல்ல வேண்டிய கருவியே நாளுக்கொரு கணக்குச் சொன்னால் எதை நம்புவது? உணர்முனையின் கண்ணாடிக் குமிழில் மெல்லிய பாசி படர்ந்தாலே அளவு நழுவிவிடுகிறது. அதைத் துடைத்து, பி.எச். 7, 10 என்று முன்பே தெரிந்த இரு தரக் கரைசல்களில் முக்கிச் சரிசெய்தாலும், சில வாரங்களில் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிடுகிறது. நிறம் மாறும் சோதனைத் திரவமோ இன்னும் மோசம்: 8.0க்கும் 8.3க்கும் உள்ள வேறுபாட்டை நீல விளக்கொளியில் எந்தக் கண்ணால் பிரித்தறிவது?

இதைவிட வேதனை, விடியற்காலையில் எண் இறங்கியிருப்பதைக் கண்டதுமே காரத்தன்மையை (அமிலத்தைத் தாங்கும் நீரின் திறனை) ஏற்றும் பொடியைக் கொட்டச் சொல்லும் அறிவுரைதான். விளக்கணைந்த பின் ஒளிச்சேர்க்கை நின்று, தொட்டியின் உயிர்கள் விடும் கரியமில வாயு நீரிலேயே தங்கி அதை அமிலப் பக்கம் தள்ளுவதால் இரவில் பி.எச். இறங்குவது இயல்பு, சன்னல்களை அடைத்த அறையில் ஆட்கள் நிறைந்திருந்தால் இன்னும் இறங்கும். அதற்குப் பொடியைக் கொட்டினால் காரத்தன்மை மிதமிஞ்சிப் பவளங்களின் நுனி கருகக்கூடுமே தவிர, அறைக் காற்றிலுள்ள வாயு துளியும் குறையாது. முதலில் சன்னலைத் திறந்து பாருங்கள் என்று கருவியோடு வரும் கையேட்டில் ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?