நெஞ்சு நோவோடு கிடப்பவரிடமும் கேளுங்கள்

கடந்த மார்கழி மாத இரவொன்றில் ஐயாவுக்கு, என் தகப்பனாருக்கு, நெஞ்சு நோ வந்தது. அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், வயது 74. 2018 இல் இலங்கையின் வடக்கிற்கும் வந்த, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் நோயாளர் காவு வண்டியை அழைத்தோம். ஏற்றிச் சென்றார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தமும் எடுத்தார்கள். எல்லாம் குறையின்றி நடந்தன, அதற்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன். என் மனதை அரித்துக்கொண்டிருப்பது அதன் பின்னர் நடந்த இரண்டு நிமிட உரையாடல்தான். ஈ.சி.ஜி.யில் மாற்றம் இல்லை, முதல் இரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக உள்ளது, விடுதியில் நின்று இன்னொரு தடவை இரத்தம் பார்ப்பது நல்லது, விரும்பினால் வீட்டுக்குப் போய்க் காலையில் வரலாம் என்று அந்த இளம் வைத்தியர் என்னிடம் சொன்னார். விடுதியில் கட்டில் இல்லை, நிலத்தில்தான் படுக்க வேண்டும் என்று தெரிந்ததும், "கூட்டிக்கொண்டு போறம், டொக்டர்" என்று நான் சொல்லிவிட்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஐயா முழு நினைவோடு படுத்திருந்தார்.

அன்றிரவு அவர் படுக்கவில்லை. விடியும்வரை சாய்மனைக் கதிரையிலேயே இருந்துவிட்டு, காலையில்தான் சொன்னார்: "நிலத்தில எண்டாலும் நான் அங்கையே நிண்டிருப்பன். என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

இரண்டாவது பரிசோதனையும் நல்லபடியாகவே வந்தது. ஆயினும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. அவசரமாகக் கொண்டுவரப்பட்டவருக்கு விருப்பம் என்று ஒன்று இருக்காது, உயிர் தப்பினால் போதும் என்றே கிடப்பார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நினைவிழந்தவருக்கும், இரத்தம் பெருகி ஓடுபவருக்கும் சம்மதத்திற்காகக் காத்திராமல் வைத்தியம் செய்யத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எலும்பு முறிந்தவர், சிறுநீரகக் கல்லோடு துடிப்பவர், பாம்பு கடித்து வந்தவர் என அங்கு வரும் பலர் பேசவும் கேட்கவும் கூடியவர்கள். முதல் ஊசிக்கும் முடிவுக்கும் இடையில் அவர்களுக்குப் பெரும்பாலும் மணித்தியாலக் கணக்கில் நேரம் இருக்கிறது.

அமெரிக்காவின் ஆறு அவசர சிகிச்சைப் பிரிவுகளில், ஐயாவைப் போலவே நெஞ்சு நோவோடு வந்த, ஆபத்துக் குறைந்த 898 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று 2016 இல் வெளிவந்தது. ஒரு சாராரிடம், அடுத்த சில வாரங்களில் அவர்களுக்கு மாரடைப்பு வரக்கூடிய வாய்ப்பு எவ்வளவு என்பதைப் படத்தோடு விளக்கும் தாளைக் காட்டி, நிற்பதா போவதா என்பதை வைத்தியர் அவர்களோடு சேர்ந்து பேசினார். அவர்களில் நூற்றுக்கு 37 பேர் மேலதிகப் பரிசோதனைக்காக நிற்க முடிவெடுத்தனர். வழமையான முறையில் பார்க்கப்பட்டவர்களில் அது 52. அந்தத் தாளினால் எவருக்கும் இதயத்தில் தீங்கு நேரவில்லை. அங்கே விளங்கியதும் பலர் வீட்டுக்குப் போக விரும்பினார்கள். ஐயாவோ நிற்க விரும்பியிருப்பார். எந்தப் பக்கம் சாய்வார் என்பது அவரவரிடம் கேட்டால்தான் தெரியும்.

குடல்வால் அழற்சியைப் பாருங்கள். 2020 இல் வெளியான, 1552 பேரைக் கொண்ட இன்னொரு அமெரிக்க ஆய்வில், சத்திரசிகிச்சைக்குப் பதிலாக நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு 90 நாள்களுக்குள் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. மற்றவர்கள் அந்தக் காலத்தில் அது இல்லாமலே தப்பினார்கள். வெங்காய அறுவடை நெருங்கிய கமக்காரர் ஒருவருக்கு இது பெரிய செய்தி. நெடுந்தீவிலிருந்து வந்தவருக்கோ, நடுச்சாமத்தில் நோ திரும்பினால் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு எந்தப் படகில் வருவது என்பதுதான் முதற் கவலை. அவர் இன்றே வெட்டிவிடுங்கள் என்று சொல்லக்கூடும். நோய் ஒன்றுதான், ஆனால் படகைப் பற்றி வைத்தியருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எல்லோரும் முடிவெடுக்க விரும்புவதில்லை என்பதும் உண்மை. "உங்களுக்குச் சரியெண்டு படுறதைச் செய்யுங்கோ" என்று வைத்தியரிடம் ஒப்படைப்பவர் பலர். அதுவும் ஒரு விருப்பமே. ஆனால் அது நோயாளியின் வாயிலிருந்து வரவேண்டும். முடிவை ஒப்படைப்பவரும் தனக்கு என்ன நடக்கிறது என்பதை அறிய விரும்பலாம். பாம்பு விஷ எதிர்ப்பு மருந்து ஏற்றும்போது நடுக்கமோ தோல் அரிப்போ வரலாம், வந்தால் அதற்கும் மருந்து உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர், மருந்து மாறி ஏற்றிவிட்டார்கள் என்று பதறமாட்டார்.

நெரிசலைக் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மையான காரணம்தான், ஆனால் எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய தடை கட்டிலைச் சுற்றி நிற்கும் நாங்கள். மனைவிக்குக் கணவர் பதில் சொல்கிறார், தாய்க்கு மகன் பதில் சொல்கிறார், எல்லோருக்குமாகக் கனடாவில் இருப்பவர் தொலைபேசியில் முடிவு சொல்கிறார். அன்பினால்தான் செய்கிறோம். நானும் அன்பினால்தான் செய்தேன்.

மொழியும் ஒரு தடை. தமிழ் அதிகம் தெரியாத வைத்தியர்கள் இங்கு பணியாற்றும்போது, நோயாளியிடம் நேரே கேட்பதைவிட ஆங்கிலம் தெரிந்த உறவினரிடம் பேசுவது அவர்களுக்கு இலகுவாகிறது. 1848 இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியசாலை தொடங்கிய சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்கர், தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த மண் இது. நெஞ்சு நோவுக்கும் குடல்வாலுக்கும் ஒரு பக்கத்தில் எளிய தமிழ் விளக்கத் தாள் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இருக்கவேண்டும் என்பது பெரிய கோரிக்கை அல்ல. அதை எழுதித்தரக்கூடிய வைத்தியர்கள் இதை வாசிப்பவர்களிடையே இருக்கிறீர்கள்.

ஐயாவுக்கு இந்த மாதக் கடைசியில் மீண்டும் கிளினிக் இருக்கிறது. வைத்தியர் என்னைப் பார்த்துக் கேட்டால், "ஐயாவிட்டைக் கேளுங்கோ, டொக்டர்" என்று சொல்லிவிட்டு ஓரமாக நிற்கப் போகிறேன்.