பன்னிரண்டு பேர், ஒரே யானைமலை

வங்கிக் கிளையில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருத்தர் போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அக்கா, கேமரா வாங்கலாம்னு இருக்கேன். எண்பதாயிரம் வரைக்கும் போகலாம். எது வாங்கட்டும்?"

"முப்பதாயிரத்துக்குள்ள செகண்ட் ஹேண்ட்ல ஒரு பாடியும் ஐம்பது எம்எம் லென்ஸும் வாங்குங்க. மிச்சத்தை எஃப்.டி. போடுங்க, நம்ம பேங்க்தானே. அப்புறம் ஆயிரம் ரூபா சந்தா கட்டி எங்க போட்டோ கிளப்ல சேருங்க" என்றேன்.

முகம் சுருங்கிப்போச்சு. கேமராவைக் கேட்டால் இந்த அம்மா சங்கத்துக்கு ஆள் பிடிக்குதேன்னு நினைத்திருப்பார். கை கழுவிவிட்டு கவுன்ட்டருக்குத் திரும்புவதற்குள் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்குங்க.

நானும் நாலு வருஷம் தனியாகத்தான் படம் எடுத்தேன். வெளிச்சம், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் யூடியூபில் படித்தேன். அதைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். ஒரே சங்கடம், என்ன கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருந்தால்தான் அங்கே பதில் கிடைக்கும். எனக்கு அதுவே தெரியாமல் போன கதை ஒன்று உண்டு.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு நாள் விடியக் காலையில் மல்லிகைக் குவியலைப் படம் எடுத்தேன். அள்ளிப் போடும் கை அசங்காமல் வர வேண்டும் என்று ஷட்டர் வேகத்தை செகண்டில் அறுநூற்று நாற்பதில் ஒரு பங்காக வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் குறுக்கே கறுப்புக் கறுப்பாய்ப் பட்டை. பூக்கார அம்மா முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. பகலில் எடுத்தால் ஒன்றுமில்லை, மறுபடி மார்க்கெட்டுக்குப் போனால் பட்டை. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். சென்சார் போயிருச்சு, மாற்ற பதினாலாயிரம் ஆகும் என்றார்கள். வீட்டில் சொல்லவே பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தெரிந்தவர் ஒருவர் கிளப் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு ஸ்டுடியோ அண்ணன் உண்டு. கல்யாண வீட்டுப் படம் எடுத்தே தலை நரைத்தவர். என் படத்தை கேமரா திரையில் பார்த்தார். சிரித்தார்.

"இது கேமரா கோளாறு இல்லைம்மா, டியூப் லைட் கோளாறு. நம்ம கரண்டு ஐம்பது ஹெர்ட்ஸ். மட்டமான எல்இடி லைட்டு செகண்டுக்கு நூறு தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். ஒன் பை ஹண்ட்ரடுல வைங்க, இல்ல ஐம்பதுல வைங்க. கை கலங்குனா கலங்கட்டும், முகம் நின்னாப் போதும்."

பதினாலாயிரம் ரூபாய் சமாச்சாரம் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. அன்றைக்கே சந்தா கட்டிவிட்டேன். அவர் சொன்னபடி எடுத்தபோது கலங்கிய அந்தக் கைகள்தான் படத்துக்கு உயிராக இருந்தன என்பது வேறு விஷயம்.

பணம் மிச்சமான கணக்கு இன்னொன்றும் இருக்கிறது. பறவை எடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அதற்கு நூற்றைம்பது-அறுநூறு எம்எம் லென்ஸ் வேண்டும், விலை லட்சத்தைத் தொடும். கிளப்பில் ஒரு டாக்டர் தன் லென்ஸை ஒரு காலைக்கு இரவல் தந்தார். சாமநத்தம் கண்மாய்க் கரையில் இரண்டு கிலோ கனத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மூணு மணி நேரம் உட்கார்ந்தேன். பறவைகள் அழகுதான். எனக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை, மனுஷ முகம் வேண்டியிருக்கிறது. ஆசை தீர்ந்தது, லட்சம் தப்பியது.

இதெல்லாம் மேலோட்டம். கிளப்பில் சேரச் சொல்வதற்கு என் முக்கியக் காரணம் யானைமலையில் நடந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளனவே ஒத்தக்கடையில் கூடினோம். பன்னிரண்டு பேர். யானைமலை மதுரைக்காரர்களுக்குப் புதிதா என்ன? மாட்டுத்தாவணியைத் தாண்டினாலே படுத்துக் கிடக்கும் யானை. சூரியன் எழும்ப, மலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறம் பரவ, நான் முக்காலியைப் போட்டு ஃப்ரேம் வைத்துவிட்டேன். ஒரு தொந்தரவு மட்டும். கைலி கட்டிய ஒரு ஆள் தெருக்குழாயடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். சரியாக என் ஃப்ரேமின் இடது மூலையில். போவார் போவார் என்று பார்த்தேன். பத்து நிமிஷமாகப் பல் விளக்குகிறார்! கடைசியில் முக்காலியை நாலடி தள்ளிப் போட்டு, அவரை வெட்டிவிட்டு எடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை எல்லார் படத்தையும் சுவரில் ஓட்டினார்கள். முதல் படம் ஆரஞ்சு வானம், கறுப்பு யானை. இரண்டாவது படம் ஆரஞ்சு வானம், கறுப்பு யானை. மூன்றாவதும் அதேதான். என்னுடையது ஐந்தாவது. பன்னிரண்டில் ஒன்பது படம் யார் எடுத்தது என்றே பிரிக்க முடியாது. எனக்கு உள்ளுக்குள் கூசியது. இந்தப் படத்துக்காகவா நாலரை மணிக்கு எழுந்தோம்?

பதினோராவதாக ஒரு கல்லூரிப் பாப்பாவின் படம் வந்தது. மொபைலில் எடுத்தது. முன்னால் கைலிக்காரர், வாயில் நுரை, கையில் பிரஷ், முதுகை மலைக்குக் காட்டிக்கொண்டு நேரே நம்மைப் பார்க்கிறார். 'யார்ரா இவிங்ய, காலங்காத்தால?' என்று கேட்கிற பார்வை. அவர் தோளுக்கு மேலே, இரண்டு கரண்ட் கம்பத்துக்கு நடுவில், சின்னதாக யானைமலை. கூட்டம் மொத்தமும் சிரித்தது, அப்புறம் சத்தம் அடங்கி எல்லாரும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தினமும் அந்த மலைக்கு முதுகைக் காட்டிப் பல் விளக்குகிறவருக்குத்தான் அது சொந்த மலை. நாம் விருந்தாளிகள்.

நான் பத்து நிமிஷம் காத்திருந்து ஒதுக்கித் தள்ளிய ஆள் அவர். அந்தப் பெண் நின்றது என்னிடமிருந்து ஆறடி தூரத்தில்.

எந்த வீடியோ எனக்கு இதைக் காட்டியிருக்கும்? உலகத்தில் எங்கோ ஒருவர் எடுத்த நல்ல படத்தைப் பார்த்தால் 'அந்த ஊர் அழகு, அவர் கேமரா அப்படி' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அதே இடம், அதே நேரம், நம்மைவிட மலிவான கருவி என்றால் சமாதானம் சொல்ல வழியில்லை. நமக்குத் தெரியாமல் போனது என்ன என்பது பக்கத்தில் நின்றவர் படத்தில்தான் தெரிகிறது. தனியாகப் போனால் அந்தக் காலை என்னைப் பொறுத்தவரை வெற்றி. ஆரஞ்சு வானத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, இருபது இதயக் குறி வாங்கித் திருப்தியாகத் தூங்கியிருப்பேன்.

இதயக் குறி என்றதும் ஞாபகம் வருகிறது. சித்தி, பெரியம்மா, கிளை மேலாளர் எல்லாரும் 'சூப்பர்' போடுவார்கள். அவர்களுக்கு என்னைப் பிடிக்கும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கிளப்பில் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் சார் ஒருவர் இருக்கிறார். என் நாயக்கர் மஹால் படத்தைப் பார்த்துவிட்டு, "தூணுக்கெல்லாம் மஞ்சக்காமாலை வந்திருச்சே தாயி, எடிட்டிங்ல கொஞ்சம் கையைக் கட்டிப் போடும்மா" என்றார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்புறம் பார்த்தால், உண்மைதான். காமாலையேதான்.

கற்றுக்கொண்ட இன்னொன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் ஏறினோம். பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கும், கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு, ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. நேரே நின்று எடுத்தால் எழுத்து ஒன்றும் தெரியாது, வெறும் பாறைதான். போஸ்ட்மாஸ்டர் சார் மொபைல் டார்ச்சைப் போட்டு, பாறையை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தார். வெட்டுப் பள்ளங்களில் விழுந்த நிழலில் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன! வெளிச்சம் மேலே இருந்தா, முன்னால் இருந்தா, பக்கத்தில் இருந்தா என்பதுதான் இந்தக் கலையில் பாதி என்று நூறு தடவை படித்திருக்கிறேன். அந்தப் பாறைக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தபோதுதான் மண்டையில் ஏறியது.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நாலரை மணி இருட்டில் பூ மார்க்கெட்டுக்கும் வைகைக் கரைக்கும் கேமராவோடு தனியாகப் போக நம்மில் எத்தனை பேரால் முடியும்? வீட்டில் விட்டாலும் நமக்கே திக்கென்று இருக்கும். கூட்டமாகப் போனால் அந்தப் பயம் பாதிக்கு மேல் போகிறது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு என்னை முன்பெல்லாம் வீட்டை விட்டு நகர விட்டதே இல்லை. இப்போது மூணு வருஷமாகப் போகிறேன். துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுவார்கள் என்று கேமராவுக்கு பாலித்தீன் பையைப் போட்டு, லென்ஸ் வாய்க்கு மட்டும் ஓட்டை விட்டு ரப்பர் பேண்டு மாட்டத் தெரியும். கூட்டத்தில் போன் எடுக்காது என்பதால் தொலைந்தவர்கள் எந்த டீக்கடையில் கூட வேண்டும் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளவும் தெரியும். இதெல்லாம் பழையவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது, நமக்கு இலவசம்.

சரி, கிளப் என்றால் சொர்க்கமா? இல்லவே இல்லை. நாட்டாமைகள் உண்டு. லென்ஸ் நீளத்தை வைத்து ஆளை எடை போடுகிறவர்கள் உண்டு. குரூப்பில் காலை வணக்கம் போட்டே உயிரை எடுக்கிறவர்கள் உண்டு. போட்டிப் பைத்தியம் இன்னொரு ரகம். 1950ல் தொடங்கிய ஃபியாப் என்ற உலகப் புகைப்படக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் படங்கள் தேர்வாகிச் சேர்ந்தால், பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்ளலாம். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அதற்காகப் புகை போட்டு, வாடகைக்கு ஒரு பாட்டியை உட்கார வைத்து, அவர் கையில் லாந்தர் கொடுத்து எடுக்கிற படங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எந்தப் பாட்டி இன்றைக்கு லாந்தர் வைத்துக்கொண்டு இருக்கிறார்? எங்கள் தெருப் பாட்டி சீரியல் பார்க்கிறார்.

அதைவிட மோசம், பன்னிரண்டு லென்ஸ் ஒரே ஏழை முகத்தைச் சுற்றி வளைப்பது. சேர்ந்த புதிதில் நானும் அந்த வட்டத்தில் நின்றிருக்கிறேன். கீரை விற்கும் ஒரு அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அன்றைக்கு சண்டை போட்டு ஒரு விதி கொண்டுவந்தோம். ஒரு ஆளிடம் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது, முதலில் பேச வேண்டும், எடுத்த படத்தை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எல்லாரும் கடைப்பிடிக்கிறார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தனியாகத் திரிகிறவரை இதைக் கேட்கவே ஆள் கிடையாது. சேருவதற்கு முன்னால் ஒரு கூட்டத்துக்குச் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். கேமராவைப் பற்றியே பேசினால் எழுந்து வந்துவிடுங்கள், படத்தைப் பற்றிப் பேசினால் இருங்கள்.

இப்போது எங்கள் கிளப்பைப் பிடித்திருக்கும் புதுக் கிறுக்கைச் சொல்லி முடிக்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் கேப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப், மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1858 தொடக்கத்தில் மதுரைக்கு வந்தார். மெழுகு பூசிய தாள்தான் அவருக்கு நெகட்டிவ். மதராஸ் கவர்னர் நேப்பியர் பிரபு பழுதுபார்ப்பதற்கு முன்னால் நாயக்கர் மஹால் எப்படி இடிந்து கிடந்தது என்பதை அவர் படங்களில் பார்க்கலாம். அந்த நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட்டால் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும் என்பதால் நெகட்டிவிலேயே கையால் மேகம் தீட்டுவாராம். ("அப்பவே போட்டோஷாப்பா!" என்றது கல்லூரிப் பாப்பா.) அவர் யானைமலையையும் எடுத்திருக்கிறார், மலையின் ஒரு முனைப் பக்கத்திலிருந்து. போஸ்ட்மாஸ்டர் சார் அந்தப் படத்தை பிரிண்ட் எடுத்து வந்து மேஜையில் போட்டார். நூற்றறுபது வருஷத்துக்கு மேல் ஆன படம். அவர் முக்காலி நின்ற இடத்தைக் கண்டுபிடித்து அதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும் என்பது திட்டம்.

இரண்டு ஞாயிறு அலைந்தாச்சு. பாறையின் வளைவையும் பிரிண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, இங்கிட்டு நாலடி, அங்கிட்டு நாலடி என்று நகர்ந்து, கடைசியில் ஒரு தெருவில் போய் முட்டினோம். சரியான கோணம் வேண்டுமென்றால் அங்கே ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். வாசலில் நாய் வேறு. ஆம்பளைங்க எட்டுப் பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். போஸ்ட்மாஸ்டர் சார் என்னையும் பாப்பாவையும் பார்த்து, "கழுத்துல கேமராவோட நாங்க போய் நின்னா கதவைச் சாத்திருவாங்க தாயி. அடுத்த வாரம் நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போய்ப் பேசுங்க" என்றார்.

வர்ற ஞாயிறு அஞ்சரைக்கு ஒத்தக்கடையில் நிற்போம். அந்தத் தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன். கேமரா இன்னும் வாங்கவில்லையாம். பரவாயில்லை, பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு வாங்க, நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றேன்.