ஏர் பம்ப் போட்டால் ஜெல்லிமீன் வளராது

"சாதாரணக் கண்ணாடித் தொட்டி, கல் உப்பு, ஏர் பம்ப் போதும், மூன் ஜெல்லி என்ற ஜெல்லிமீன் வளரும்" என்று பரவும் தகவல் தவறு. நம்பி வாங்கினால் அந்த உயிர் வதைபட்டுச் சாகும்.

ஏர் பம்ப்தான் முதல் எமன். குமிழிகள் அதன் குடை போன்ற உடலுக்கடியில் சிக்கி, மெல்லிய சதையைத் துளைத்துவிடும். மூலைகளில் ஒதுங்கினாலும் ஃபில்டர் வாயில் இழுபட்டாலும் கிழியும். மெதுவாக நீர் சுழலும் வட்டத் தொட்டியே தேவை.

கல் உப்பில் கால்சியம், மெக்னீசியம் போதாது. ஆர்.ஓ. நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை போட்டு, நீரின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.023–1.025 வரவேண்டும். நீரில் அம்மோனியா பூஜ்ஜியமான பிறகே ஜெல்லியை விடுங்கள்.

தினமும் புதிதாய்ப் பொரித்த ஆர்ட்டீமியா (நுண்ணிய உப்புநீர் இறால்) குஞ்சுகளை, முட்டை ஓடு நீக்கிக் கொடுங்கள். தின்றால் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். மீந்ததை உறிஞ்சி எடுங்கள்.