மூன்று வாரத்தில் 13 புத்தகம் படித்தேன், அதற்கென்ன?

ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பம் வாசகர் சந்திப்பில் என்ன நடந்தது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். சமீபத்தில் என்ன படித்தீர்கள் என்று கேட்டார்கள், சொன்னேன். "ரத்தக்காட்டேரி லவ் ஸ்டோரியா? இதெல்லாம் ஒரு படிப்பா?" என்றார் ஒரு பெரியவர். கூட்டமே சிரித்தது. சிரித்தவர்களில் நாலு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

ஆமாம், படித்தேன். சார்லெய்ன் ஹாரிஸ் எழுதிய சூக்கி ஸ்டாக்ஹவுஸ் வரிசை. 2001இல் தொடங்கி 2013இல் முடிந்த 13 நாவல்கள். காலையில் கடலூரில் பஸ் ஏறினால் போனில் திறப்பேன். ஒருநாள் முருங்கப்பாக்கத்தில் இறங்க வேண்டியவள், புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட் வரை போய் ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் படித்துப் பல வருஷம் ஆகிறது.

படிக்காமலே சிரித்தவர்களுக்குக் கதையைச் சொல்கிறேன். லூசியானாவில் ஒரு சின்ன ஊர். ஜப்பானில் செயற்கை ரத்தம் தயாரித்துவிட்டதால், ரத்தக்காட்டேரிகள் ஒளிந்திருந்தது போதும் என்று வெளியே வந்துவிட்ட காலம். சூக்கி ஒரு பாரில் பரிமாறுகிற பெண். எதிரில் இருப்பவர் மனதுக்குள் நினைப்பதெல்லாம் அவளுக்குக் கேட்கும். ஆர்டர் எடுக்கும்போதே, அவள் உடம்பைப் பற்றி எதிரில் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்பதும் சேர்ந்து கேட்கும். அப்படிப்பட்டவள் யாரை நம்பிக் காதலிப்பாள்? ரத்தக்காட்டேரியின் மனம் மட்டும் அவளுக்குக் கேட்பதில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் அமைதி. அந்த இடம் வந்ததும் போனை மடியில் கவிழ்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெரிசல் பஸ்ஸில் தினமும் போய்வருகிற எந்தப் பெண்ணுக்கும் இது புரியும். பெரியவருக்குப் புரியவில்லை என்றால் அது என் தப்பு இல்லை.

புத்தகத்துக்குப் புத்தகம் மர்மம் அவிழும். காதல் சிக்கல் மட்டும் அடுத்ததற்குப் போகும். அதனால்தான் ராத்திரி ஒரு மணிக்கும் அடுத்ததைத் திறக்கிறோம். ஐந்தாவது புத்தகத்துக்கு வரும்போது அந்த ஊரில் எனக்குத் தெரியாத ஆளே இல்லை.

பேய்க்கதை இலக்கியமா என்று கேட்கிறீர்கள். புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது நம் திருப்பாதிரிப்புலியூரில்தானே? அவர் எழுதிய காஞ்சனை என்ன கதை? "அது வேற, இது வேற" என்பீர்கள். சரி, எழுத்து வேறுதான். கடைசி இரண்டு புத்தகம் இழுவை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நேரத்தை வீணாக்குகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாலைந்து பாகச் சரித்திர நாவலை விடிய விடியப் படித்ததாகப் பெருமை பேசும் ஆண்களிடம் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. தமிழில் இல்லாததா என்கிறீர்களா? இருக்கிறது. அதில் வளர்ந்தவள்தான் நான்.

என் அம்மா ஒன்பதாவது வரை படித்தவள். வாரப் பத்திரிகைகளில் வந்த அமானுஷ்யத் தொடர்களைப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டி பைண்டு பண்ணி வைத்திருப்பாள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததே, அப்போது பல நாள் கரண்ட் இல்லை. கூரை போன பக்கத்து வீட்டு அத்தையும் பிள்ளைகளும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். சிம்னி விளக்கை நடுவில் வைத்து அம்மா வாசித்தாள். நாகத்துக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் கதை. "இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்க்கா" என்று அத்தை கெஞ்சுவார். வீடு போன பெண் அவர்.

அப்பாவும் அம்மாவிடம் அதே கேள்வியைத்தான் கேட்பார். இதெல்லாம் ஒரு படிப்பா? வார்த்தைகூட மாறவில்லை. அம்மா பதில் சொல்லமாட்டாள். பைண்டை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். காரியம் முடிந்த மறுவாரம் அத்தனை பைண்டும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விட்டது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் ஒன்று மட்டும் தப்பித்தது. அட்டையில் எண்ணெய்க் கறை, நடுவில் அடையாளத்துக்கு மடித்து வைத்த பஸ் டிக்கெட்.

அடுத்த மாதச் சந்திப்புக்கு அதைத்தான் எடுத்து வருகிறேன். என்ன படிக்கிறாய் என்று அந்தப் பெரியவரே கேட்கட்டும்.