அப்பாவின் கடன் நோட்டு

"அந்தக் காலத்தில் மனிதருக்கு மனிதர் நம்பிக்கை இருந்தது, இப்போது எல்லாரும் கெட்டுவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு அப்பாவின் மளிகைக் கடைக் கடன் நோட்டுதான் நினைவுக்கு வரும். கடலூர் முதுநகரில் நெடுங்காலமாகக் கடை நடத்தும் அவர், யாரையும் நல்லவர் என்பதற்காக நம்பிக் கடன் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் எங்கள் பகுதியில் பல நாள் மின்சாரம் இல்லை, ஏடிஎம் இல்லை. அரிசி, மெழுகுவத்தி, தீப்பெட்டி என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா கொடுத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். கூரை பறந்துபோன வீட்டுக்காரர்கள்கூட ஐம்பதும் நூறுமாகக் கொண்டுவந்து அடைத்தார்கள். அடைக்காமல் போனவர் எங்கள் சொந்தக்காரர், வசதியானவர். அந்தத் தை மாதமே சென்னைக்குக் குடிபெயர்ந்துவிட்டவர். திருப்பிக் கொடுக்க வைத்தது வசதியோ உறவோ அல்ல, நாளையும் அதே தெருவில் எதிர்ப்பட வேண்டும் என்பதுதான் என்று அன்று முடிவுகட்டினேன். (மொய் நோட்டும் இதே கதைதான், விரித்து எழுதினால் உறவினர்கள் கோபித்துக்கொள்வார்கள்.)

பின்னாளில் படித்த ஒரு சோதனை இந்த முடிவைக் கொஞ்சம் அசைத்தது. 1995இல் பெர்க், டிக்ஹாட், மெக்கேப் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டது அது. கையில் 10 டாலர் உள்ளவர், அடுத்த அறையில் இருக்கும் முகம் தெரியாத ஒருவருக்கு விரும்பியதை அனுப்பலாம்; அனுப்பியது மூன்று மடங்காகப் போய்ச் சேரும்; பெற்றவர் ஒரு காசும் திருப்பித் தராவிட்டாலும் கேட்பாரில்லை. அப்படியிருந்தும் 32 பேரில் 30 பேர் ஏதோ ஒரு தொகையை அனுப்பினார்கள்.

தெருவே இல்லாத இடத்தில் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக்கும் அவருடைய குழுவினரும் உலகின் 15 சிறு சமூகங்களில் நடத்திய ஆய்வில் இதற்கு ஒரு தடயம் கிடைத்தது. ஒருவர் பணத்தைப் பிரிப்பார், மற்றவர் அந்தப் பங்கை மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை என்ற விளையாட்டில், பெரும்பாலும் குடும்பம் குடும்பமாகத் தனித்து வாழும் பெரு நாட்டின் மச்சிகுவெங்கா மக்கள் சராசரியாக நூற்றில் 26 கொடுக்க முன்வந்தார்கள். இந்தோனேசியாவின் லமலேராவில் ஒரே படகில் சென்று திமிங்கிலம் வேட்டையாடுபவர்களோ பாதிக்கும் மேல் கொடுத்தார்கள். படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று எல்லார் கண்முன்னும் பங்கு பிரிவதைத் எங்கள் கடலூரின் தேவனாம்பட்டினத்துக் கரையில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. சேர்ந்து செய்யும் தொழில் பழக்கிய கை, ஆள் தெரியாத இடத்திலும் அப்படியே பிரிக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

போன மாதம் சிப்காட்டில் வேலை செய்யும் வடமாநில இளைஞர் ஒருவர் சம்பளம் வரும்வரை கடன் கேட்டார். மொழியும் தெரியாது, ஊரும் தெரியாது, வேண்டாம் என்றேன் நான். அப்பா நோட்டை எடுத்துக்கொண்டே என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "யார் வீட்டில் குடியிருக்கிறார்?"